முட்டிக்குக் கட்டுப் போட்ட வருடங்கள்

இடுப்பில் கை வைத்து நிற்காதே என்று என் தங்கையை எத்தனை தடவை திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வயசுப் பிள்ளை அப்படி நின்றால் அதற்குத் திமிர் என்று பெயர். ஓடி முடித்து மூச்சு வாங்க வந்து நிற்பாள். வலது கையின் கட்டைவிரல் இடுப்புக்குப் பின்னால் இருக்கும். மற்ற நான்கு விரல்களும் முன்பக்கம், தொடை தொடங்குகிற இடத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். "கைய எடுடி, பெரிய மகாராணி மாதிரி நிக்கிற" என்பேன். எடுத்துவிடுவாள். எங்கள் பேச்சில் ஒர்லோசு என்கிற கைக்கடிகாரத்தை நான் பார்க்கக் குனிந்ததும் கை தானாக மறுபடி அங்கே போய்விடும். மறுபடி கத்துவேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான். இன்றைக்கும் அது பெரிதாகக் குறைந்துவிடவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தில் படித்த பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, நான் படித்த அதே தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறித்து எங்கள் இருவரையும் வளர்த்தார். தங்கை என்னைவிட எட்டு வயது இளையவள். சம்பளக்காரனாக வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து நான் அவளுக்கு அண்ணன் மட்டுமில்லை, அப்பாவுமாகிவிட்டேன். யாரும் என்னை அப்படி ஆகச் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்ட பதவி அது.

அவள் ஓடுவாள் என்பதை நான் கண்டுபிடித்தது பெரிய கதையில்லை. மலையில் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனால் சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அந்த மலைக்கு நான் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓட வைத்தேன். இரண்டாவதாக வந்த பிள்ளை அரைச் சுற்று பின்னால் நின்றது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்தை விட்டு அவள் வெளியே போக ஒரு வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். படிப்பு அவளுக்கு அவ்வளவாக ஏறவில்லை. கால் இருந்தது.

ஆசிரியர் பயிற்சியில் உடற்கல்விக்கென்று ரோனியோவில் உருட்டி எடுத்துக் கொடுத்த நோட்ஸ் என்னிடம் இருந்தது. அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினேன். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆட்கள் போகிற காலை நேரத்தில் எங்கள் பயிற்சியும் தொடங்கும். தவளைப் பாய்ச்சல் ஐம்பது. குந்தியபடியே நடக்கிற வாத்து நடை, மைதானத்தைச் சுற்றி ஒரு தடவை. பிறகு நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளிலிருந்து கோயில் வரைக்கும் போகிற கல்படிகளில் முட்டி நெஞ்சைத் தொடுகிற மாதிரி ஏற வேண்டும். சாயந்தரம் இடுப்பைத் தளர்த்துகிற பயிற்சி. தரையில் மல்லாக்கப் படுத்து, ஒரு காலை மடக்கி, முட்டியை நெஞ்சோடு வைத்து உள்பக்கமாக அழுத்த வேண்டும். வயசுக்கு வந்த தங்கையை அண்ணன் தொட்டுப் பழக்குவது எங்களில் வழக்கமில்லை. அதனால் அந்த வேலையை அம்மாவிடம் விட்டேன். நான் வாசலில் திரும்பி நின்றுகொண்டு எண்ணுவேன்.

"நல்லா அமுக்குங்கம்மா. பூப்போல புடிச்சா இறுக்கம் போகாது."

"புள்ள மொகம் சுருங்குதுடா" என்பார் அம்மா.

"சுருங்கட்டும். சும்மா கெடைக்குமா எல்லாம்?"

அம்மா அழுத்துவார். மகன் படித்தவன், நோட்ஸ் பார்த்துச் சொல்கிறான். நாள் முழுக்கக் கூடை சுமந்த கையால், என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தன் மகளின் காலை மடக்கி மடக்கி அழுத்தினார்.

பயிற்சி தொடங்கி ஒரு வருடம் இருக்கும். ஒருநாள் ரொட்டி தட்டிக்கொண்டே அம்மா சொன்னார்.

"தம்பி, புள்ளைக்கு முட்டி வலிக்குதாம். குந்தி எந்திரிக்க முடியலங்கிறா."

தங்கை அடுப்புக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்தபடி இருந்தாள். அவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. வயசுப் பிள்ளையின் உடம்புக்கு என்ன என்றாலும் அது அம்மா வழியாகத்தான் எங்களுக்கு வரும், அம்மா வழியாகத்தான் பதிலும் போகும். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அம்மாவே கூட்டிப்போனார். அங்கேயும் அம்மாதான் பேசினாராம். முட்டி என்று சொன்னால் எந்த மனிதரும் முட்டியைத்தான் பார்ப்பார். வீக்கமில்லை, நீர் கோக்கவில்லை, பூச ஒரு தைலமும் சுற்ற ஒரு துணியும் கிடைத்தன. வீட்டில் தவிட்டை வறுத்து ஒத்தடம் கொடுத்தோம். நான் ஹட்டனுக்குப் போய் முட்டிக்குப் போடுகிற இலாஸ்டிக் உறை ஒன்று வாங்கி வந்தேன். வாங்கிக் கொடுத்ததில் எனக்கு எவ்வளவு பெருமை! அவள் அதை மாட்டிக்கொண்டு ஓடினாள். வலி குறைந்ததா என்று நான் கேட்டதாக ஞாபகமில்லை. உறை வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் வலி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு.

கோட்டப் போட்டியில் முதலிடம். வலயத்தில் முதலிடம். மாகாணப் போட்டி கண்டியில். அங்கே ஒரு பெரிய பாடசாலையின் விளையாட்டு ஆசிரியை அவளை வலயப் போட்டியில் பார்த்துவிட்டு என்னிடம் பேசியிருந்தார். முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தங்கள் பாடசாலையில் சேர்த்து விடுதியிலும் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னார். நான் அதை லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். போட்டிக்கு முந்தின மாதம் பயிற்சியை இரட்டிப்பாக்கினேன். அதுதான் நான் செய்த பெரிய மடத்தனம். அவள் ஓடி முடிக்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. நேரம் கூடக் கூட நான் தவளைப் பாய்ச்சலைக் கூட்டினேன்.

கண்டியில் முதல் சுற்று முடியும்போது அவள் இரண்டாவதாக இருந்தாள். கடைசி வளைவில் அவள் எட்டி வைக்கிற அடி சின்னதாகிவிட்டது. வலது காலை முன்னால் வீசாமல் பக்கவாட்டில் சுழற்றி வைத்தாள். ஒருத்தி தாண்டினாள். இன்னொருத்தி தாண்டினாள். நாலாவதாக வந்தாள். முடிவுக் கோட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்து, வழக்கம்போல இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள். நான் போய் அத்தனை பேர் முன்னால் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹட்டனில் இறங்கியபோது, "முட்டி வலின்னு இனிமே எங்கிட்ட யாரும் நடிக்க வேணாம்" என்றேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்குமோ என்னவோ. பதினைந்து நாள் அவளோடு பேசாமலிருந்தேன். பிறகு பேசினேன், ஆனால் ஓட்டத்தைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூட முடிவில் எழுதுகிற சாதாரணதரப் பரீட்சையில் அவளுக்குக் கணக்குத் தவறியது. தோட்டத்தில் பேர் பதிந்து அம்மாவோடு கொழுந்துக்குப் போனாள். இருபது வயதில் மஸ்கெலியாவில் ஒரு தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை நல்ல பையன், ஓட்டோ ஓட்டுகிறவர். அங்கேயும் கொழுந்துதான். சரிவில் ஒரு காலை மேலே மடக்கி வைத்து, ஒரு காலைக் கீழே ஊன்றி, நாள் பூராவும் நிற்கிற வேலை. தீபாவளிக்குப் போகும்போதெல்லாம் அவள் நடை கொஞ்சம் சாய்ந்திருப்பது தெரியும். பிள்ளை பெற்ற உடம்பு என்று நினைத்துக்கொள்வேன். அம்மா இறந்தபோது சடங்குக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றாள். மரியாதை தெரியவில்லை என்று அன்றைக்கும் மனதுக்குள் முணுமுணுத்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை வேறு எங்கும் பார்க்க முடியாது.

அம்மா போய் இரண்டு வருடம் கழித்து மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மச்சான், அவ மலையில ரெண்டு தடவ வுழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்கு வான்னா வர மாட்டேங்கிறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா."

நான் சொன்னேன், வந்தாள். என் சொல்லைக் கேட்கிற பழக்கம் அவளை விட்டுப் போகவேயில்லை. கண்டியில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். சிங்களவர். பள்ளிக்காலத்தில் ரக்பி ஆடியவராம், தோள் அகலமாக இருந்தது. அவளை "நங்கி", தங்கச்சி, என்றுதான் சிங்களத்தில் கூப்பிட்டார். முட்டி வலி, பதினைந்து வயதிலிருந்து, என்று நான் சிங்களத்தில் ஆரம்பித்தேன். டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"வலி உங்களுக்கா, நங்கிக்கா?"

பிறகு அவளைப் பார்த்து எங்கே என்று கேட்டார். அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் சிங்களத்தில், தொடையும் உடம்பும் சேருகிற அந்த மடிப்பின் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். தமிழில் என் முன்னால் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டாள். சொல்லிவிட்டு, கட்டைவிரல் பின்னால், மற்ற விரல்கள் முன்னால் என்று இடுப்பைக் கவ்விப் பிடித்துக் காட்டினாள்.

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இடுப்பு மூட்டுக்குள் வலி இருக்கிறவர்கள் இப்படித்தான் காட்டுவார்கள், ஒரு விரலால் காட்ட முடியாது, கையே பாதி படம் எடுத்துக் கொடுத்துவிடும் என்றார். எனக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

படுக்க வைத்து முட்டியைப் பார்த்தார், அதில் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் காலை மடக்கி, நெஞ்சுப் பக்கம் கொண்டுபோய், மெதுவாக உள்பக்கமாகத் திருப்பினார். அவள் அலறிவிட்டாள். டாக்டர் உடனே விட்டுவிட்டார். அது வலியைக் கண்டுபிடிக்கச் செய்கிற சோதனையாம், ஒரே ஒரு தடவை செய்வார்களாம். அதைத்தான் என் அம்மா, நான் வாசலில் நின்று எண்ண எண்ண, தினமும் சாயந்தரம் இருபது தடவை செய்தார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து எனக்கு விளக்கினார். ஒரு கையைக் கிண்ணம் போலக் குவித்து, மறுகை முஷ்டியை அதற்குள் வைத்துச் சுழற்றிக் காட்டினார். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். சிலருக்கு அந்தத் தலையும் கழுத்தும் சேருகிற இடம் கொஞ்சம் புடைத்திருக்கும். வளர்கிற வயதில் கடுமையாக ஓடியாடுகிற பிள்ளைகளுக்கு அது கூடுதலாக வருகிறதாம். நடந்தால் தெரியாது. ஆழமாகக் குந்தும்போது, காலை மேலே மடக்கும்போது அந்தப் புடைப்பு போய்க் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். விளிம்பைச் சுற்றி ஒரு மெத்தென்ற வளையம் இருக்கிறது. இடித்து இடித்து அது கிழியும், பிறகு உள்ளே வழவழப்பான குருத்தெலும்பு தேயும்.

"தசை இறுகிப்போனதென்று நினைத்து இன்னும் மடக்குவார்கள். அங்கே இறுக்கமில்லை, எலும்பு எலும்பில் தட்டுகிறது. கதவு முட்டுக்கட்டையில் இடிக்கும்போது தள்ளினால் திறக்குமா?" என்றார்.

அப்போதே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். சில வாரம் ஓய்வு, பிறகு குந்துகிற பயிற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் வயிற்றுக்கும் பலம் தருகிற பயிற்சி, ஓடுகிற தூரத்தை மெல்ல மெல்லக் கூட்டுவது. நிறையப் பேர் அதிலேயே தேறி மறுபடி ஓடுகிறார்கள். தேறாதவர்களுக்கு எலும்பைச் செதுக்கிச் சரிசெய்கிற ஆபரேஷன் வெளிநாடுகளில் வந்துகொண்டிருக்கிறது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் என்னிடம் வந்திருந்தாலும் தசைப்பிடிப்பு என்றுதான் சொல்லியிருப்பேன். இதற்கு ஒரு பெயர் வந்ததே இப்போதுதான்" என்றார். நல்ல மனிதர். ஆனால் வலிக்கிற காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது எந்தக் காலத்திலும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பெயர் தேவையில்லை.

இனி என்ன என்று கேட்டதற்கு, தேய்ந்தது திரும்ப வராது என்றார். என்றைக்காவது மூட்டை மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் வயது குறைவு, முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும். மலை ஏறி இறங்குகிற வேலை வேண்டாமென்று தோட்டத்துக்குக் கடிதம் தந்தார். பலகையிலும் பாயிலும் உட்காரக் கூடாது, உயரமான நாற்காலி வேண்டும். கக்கூஸுக்கும் குந்தக் கூடாது, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று செய்துகொள்ள வேண்டும். அதைக் கேட்டு அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஒன்றிலும் கால் நெஞ்சுக்குப் போகவில்லை. வாசல்வரை வந்து, "தோட்டங்களிலிருந்து இப்படி நிறையப் பெண்கள் வருகிறார்கள். முட்டி என்கிறார்கள், முதுகு என்கிறார்கள். இடுப்பு மூட்டின் வலி முட்டிக்கும் இறங்கும். முட்டியில் ஒன்றுமில்லையென்றால் மேலே பாருங்கள்" என்றார். இப்போது என் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை குந்தி எழும்போது முகம் சுளித்தால் அன்றைக்கு அதற்குப் பயிற்சி இல்லை. ஒரு டீச்சரை வைத்துத் தனியாகக் கேட்கச் சொல்கிறேன். நல்ல காரியம்தான். என் தங்கைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கண்டியிலிருந்து ஹட்டன் பஸ் ஏறினோம். கூட்டமில்லை. நான் உட்கார்ந்து ஜன்னலோரம் அவளுக்கு இடம் விட்டேன். அவள் உட்காரவில்லை, சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். காலையில் வரும்போதும் அப்படித்தான் நின்றாள். சீட்டுக் காலியாகக் கிடக்க என்ன கூத்து இது என்று நான் சத்தம் போட்டிருந்தேன். மடங்கி உட்கார்ந்தால் வலி கூடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. பஸ் கம்பளையைத் தாண்டியது.

"ஏன் முட்டின்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் சொல்லலண்ணே. அம்மாகிட்ட சரியாத்தான் சொன்னேன். 'அண்ணங்கிட்ட அந்த எடத்த எப்புடிடி சொல்றது, முட்டின்னு சொல்லிக்கிறேன்'னாங்க. முட்டியும் கொஞ்சம் வலிச்சிச்சு. அம்மாவ ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க."

"எடத்த வுடு. வலிக்குதுன்னு ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நிப்பாட்டியிருப்பேனே."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லாமல், மறந்துபோன ஒரு சாமானைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

"நீங்க வலிக்குதான்னு கேக்கலியேண்ணே. எத்தன நிமிசம்னுதான் கேப்பீங்க. அதுவும் எங்கிட்ட இல்ல, ஒர்லோச பாத்து."

எழுந்து நின்றேன். அவளுக்குப் பக்கத்தில் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருடைய சீட்டும் காலியாக வந்தது. நாவலப்பிட்டி போனது, கினிகத்தேனை ஏற்றம் தொடங்கியது. வளைவுகளில் பஸ் சாயும்போது அவள் வலது காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். என் கண் நிறைந்துவிட்டது. அவள் பார்த்துவிட்டாள். நான் ஏன் நிற்கிறேன் என்பது அவளுக்கு விளங்கவில்லை என்றே நினைக்கிறேன். என் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"நீங்க உக்காருங்கண்ணே. இவ்வளவு தூரம் நின்னா உங்களுக்குக் கால் வலிக்கும்."